ஈரத்துண்டும் ஒரு பழைய பத்மினியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகமா இருந்ததால தள்ளிக்கிட்டே போன பதிவு இது. கொஞ்சம் நீளம். நடுவுல கொசுவத்தியும் சுத்தும். பொறுத்துக்கோங்க மக்களே.

சிவகாசியில எங்க வீட்டு வாசல்ல ஒரு பிரீமியர் பத்மினி நிக்குது. 1986 மாடல். அப்பா 1991ல செகண்ட் ஹாண்டா வாங்கினது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங்லயே கியர், கதவைச் சாத்துனா தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டியை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டி ஆர்.சி. புதுப்பிக்கணும்ல? அடுத்த தடவை புதுப்பிக்கிறதா, காயலான் கடைக்குத் தள்றதான்னு வீட்டுல பட்டிமன்றம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. தங்கமணி காயலான் கடை அணி. நான் நடுவர் மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா மட்டும் ஒண்ணுமே சொல்லலை. அந்த வண்டியைப் பத்தி அவர் எப்பவுமே ஒண்ணும் சொல்றதில்லை. என் நினைவுக்குத் தெரிஞ்சு பல வருஷமா அதுல ஏறினதும் இல்லை. ஏன்னு நானும் கேட்டதில்லை.

விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆசையைத் தீர்த்துக்கலாம்னு, 2023 பிப்ரவரியில ஒரு கிளப் நடத்துன ரேலிக்குப் பேர் குடுத்துட்டேன். பழைய வண்டிக்குத் தனிப் பிரிவு. காலையில ராஜபாளையத்துல கிளம்பி, புளியங்குடி, கடையநல்லூர், பண்பொழி, மேக்கரை வழியா மலையேறி அச்சன்கோவில் காட்டுக்குள்ள போய், அலிமுக்குல வெளிய வந்து, புனலூர், தென்மலை, ஆரியங்காவு சுத்திச் செங்கோட்டையில முடிக்கணும்.

ரேஸ்னா நம்மாளுகளுக்கு ஞாபகம் வர்றது சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்தான். ரேலின்னா கௌரவ் கில் மாதிரி ஆளுங்க மண்ணை வாரி இறைச்சுக்கிட்டுப் போறது. 2013ல ஆசிய பசிபிக் சாம்பியன் ஆனாரே, அவரேதான். அது வேற லெவல். ரோட்டை மூடி, கூண்டு வச்ச வண்டியில, ஹெல்மெட் போட்டு ஓட்டுறது. நாங்க போனது டி.எஸ்.டி. டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ். சாதாரண ரோட்டுல, பஸ்சும் ஆடும் வர்ற ரோட்டுல, அவங்க சொல்ற சராசரி வேகத்துல போகணும். அவ்வளவுதான். எங்க செக் பண்ணுவாங்கன்னு சொல்ல மாட்டாங்க. ஏதோ ஒரு புளியமரத்தடியில நாற்காலி போட்டு, கையில கடிகாரத்தோட ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். நீங்க வரவேண்டிய செகண்டுக்கு ஒரு செகண்ட் லேட்டுன்னா ஒரு பாயிண்ட் அபராதம். ஒரு செகண்ட் சீக்கிரம் வந்தா ரெண்டு பாயிண்ட். யாருக்குக் கடைசியில கம்மியோ அவர் ஜெயிச்சார்.

ஆமா, சீக்கிரம் போனா ரெண்டு மடங்கு. வேகமா ஓட்டி ஜெயிக்கிற பந்தயம் இல்லை இது. அதனாலதான் என்னை மாதிரி ஆளும் கலந்துக்கலாம்.

(எங்க மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்ல காடு இருக்கே, அங்க வைக்கக்கூடாதான்னு கேட்டா, கூடாது. 1988ல சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆக்கினாங்க, 2021ல மேகமலையோட சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆயிருச்சு. அங்க போய் நாங்க வண்டியை உறும விட்டா எங்க ஊர்க்காரங்களே செருப்பால அடிப்பாங்க. அச்சன்கோவில் ரோடு பஸ் போற பொது ரோடு. அங்கயும் ஹார்ன் கூடாது, குப்பை போடக்கூடாது, காட்டுக்குள்ள சராசரி 24 கிலோமீட்டர்தான்னு ஒழுங்கா விதி போட்டிருந்தாங்க.)

எனக்கு நேவிகேட்டரா வர்றதா இருந்தது என் மச்சினன். கணக்குல புலி. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன், "மாமா, வயிறு சரியில்லை." சொல்லி வச்ச மாதிரி. நான் திண்ணையில உட்கார்ந்து புலம்பிக்கிட்டு இருக்கேன், உள்ள இருந்து அப்பா குரல் வருது.

"எய்யா, என்ன கணக்கு போடணும் அதுல?"

சொன்னேன். 36 கிலோமீட்டர் வேகம்னா ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை செகண்டுன்னு பார்த்து...

"நூறு," அப்படின்னார். நான் கால்குலேட்டரை எடுக்கவே இல்லை.

"24ன்னா?"

"நூத்தி அம்பது. காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அப்பாவைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். அவருக்கு இப்ப எழுபத்திரண்டு வயசு. ஒரு பட்டாசு ஆலையில திரிப் பகுதியில போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். திரின்னா, பட்டாசுல நீங்க பத்த வைக்கிற நுனி இருக்குல்ல, அது. பருத்தி நூல்ல கருமருந்துக் கூழ் ஏத்தி, வெயில்ல காயவச்சு, அளவா வெட்டுறது. பட்டாசுல எல்லாரும் சத்தத்தையும் வெளிச்சத்தையும்தான் பார்ப்பாங்க. ஆனா பத்த வச்சவன் தள்ளிப் போறதுக்கு நேரம் குடுக்கிறது திரிதான். அப்பா ஒவ்வொரு தொகுதியிலயும் ஒரு துண்டு வெட்டிப் பத்த வச்சு, எச்.எம்.டி. வாட்சைப் பார்த்துக்கிட்டே வாய்க்குள்ள எண்ணுவார். முப்பது வருஷம் இதே வேலை. டைம், டிஸ்டன்ஸ், ஸ்பீட்! எனக்கு அன்னைக்கி ராத்திரி வரைக்கும் அது தோணலை பாருங்க.

விதியைச் சொன்னப்போ அவர் கேட்ட ஒரே கேள்வி, "சீக்கிரம் போனா ஏன் ரெண்டு?" நான் யோசிக்கிறதுக்குள்ள அவரே பதில் சொல்லிட்டார். "சரிதான். திரி லேட்டா எரிஞ்சா யாவாரி திட்டுவான். சீக்கிரம் எரிஞ்சா கை போயிரும்."

ராஜபாளையத்துல மொத்தம் 22 வண்டி. பாதிக்கு மேல புதுசு. பழைய பிரிவுல எங்களையும் சேர்த்து ஆறு. ஒரு அம்பாசிடர், ரெண்டு மாருதி 800, ஒரு ஜிப்சி, ஒரு கான்டெஸா. போனையெல்லாம் கவர்ல போட்டு ஒட்டிட்டாங்க. ரூட் புக்ல அம்புக்குறி போட்ட படங்கள், பக்கத்துல தூரம். முதல் வேலை மீட்டரைச் சரிபார்க்கிறது. அவங்க வண்டியில 20 கிலோமீட்டர் காட்டுன தூரத்துக்கு எங்க பத்மினி கிட்டத்தட்ட 21 காட்டுச்சு. அப்பா பேனாவை எடுத்து ரூட் புக் ஓரத்துல எல்லாத் தூரத்தையும் நம்ம மீட்டர் கணக்குக்கு மாத்தி எழுதிட்டார். அவருக்கு வலது காது கேட்காது. அதனால நான் பேசுறதுக்கு வழியே இல்லை (அவர் இடது பக்கம் உட்கார்ந்தா வலது காதுதானே என் பக்கம்). அவர் மட்டும்தான் பேசினார். "கூட்டு... கூட்டு... இப்ப விடு... அப்படியே பிடி." வேற ஒரு வார்த்தை கிடையாது.

முதல் செக் புளியங்குடி தாண்டி. ஒன்பது செகண்ட் சீக்கிரம். பதினெட்டு பாயிண்ட். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்தது வடகரை பக்கம், நாலு செகண்ட் லேட். மூணாவதுல சரியா ஒரு செகண்ட் லேட். அந்த மரத்தடி ஆளே எழுந்து நின்னு வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தார். அப்பா வாட்சுல இருந்து கண்ணை எடுக்கலை.

பண்பொழி திருமலைக்கோவில் மலை பின்னாடி போச்சு. அடவிநயினார் அணை, மேக்கரை, செக்போஸ்ட், அப்புறம் ஏத்தம். ரெண்டாவது கியர்ல முக்கி முக்கி ஏறுறோம். வெயில் ஏறிப்போச்சு. ஒரு கொண்டை ஊசி வளைவுல இன்ஜின் ரெண்டு தடவை விக்குச்சு, அவ்வளவுதான். நின்னுருச்சு.

பழைய கார்பரேட்டர் வண்டி வச்சிருந்தவங்களுக்குத் தெரியும். மெதுவா ஏத்தம் ஏறும்போது இன்ஜின் சூட்டுல, பம்புக்குள்ளயும் குழாய்க்குள்ளயும் பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிரும். பம்பு ஆவியை இழுக்குமே தவிர பெட்ரோலை இழுக்காது. சூடு அடங்குற வரைக்கும் என்ன குத்தினாலும் ஸ்டார்ட் ஆகாது. நான் ஸ்டார்ட்டரை அமுக்கிக்கிட்டே இருந்தேன். அப்பா என் கையைப் பிடிச்சு எடுத்துவிட்டார். இறங்கினார். தோள்ல கிடந்த துண்டை எடுத்தார், தண்ணி பாட்டிலைக் கவிழ்த்து நனைச்சார், பானெட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்பு மேல சுத்தினார். தேடவே இல்லை. கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்ச மாதிரி இருந்துச்சு.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

இடது காதைத் திருப்பினார். திரும்பக் கேட்டேன்.

காட்டுல ஏதோ ஒரு பறவை மட்டும் கத்திக்கிட்டு இருந்துச்சு. அப்பா ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்து சொன்னார். 1994. பக்கத்து அறையில தீப்பிடிச்சு, திரி வெட்டுற ஒரு அண்ணனுக்கு உடம்பெல்லாம் காயம். வண்டியை ஆலைக்குள்ள விடமாட்டாங்க, அப்பா வழக்கம்போல கேட்டுக்கு வெளிய தூரத்துல மரத்தடியில நிறுத்தியிருந்திருக்கார். வாழை இலையில படுக்க வச்சு, இதே பின்சீட்டுல மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. மே மாசம். விருதுநகர் தாண்டிக் கள்ளிக்குடி கிட்ட வண்டி நின்னுருச்சு.

"பதினோரு நிமிசம் நின்னுச்சு. என்னென்னமோ பண்ணினேன். ஒரு லாரி டிரைவர்தான் இறங்கி வந்து அவர் துண்டை நனைச்சுச் சுத்தினார்."

"அந்த அண்ணன்?"

"மூணு நாள் இருந்தான்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "பதினோரு நிமிசத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னார்," அப்படின்னார். ரெண்டு தடவை சொன்னார்.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. அந்த மே மாசம் அப்பா பின்சீட்டைக் கழட்டி மாடியில காயப்போட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. சோபான்னு நினைச்சுக் குதிச்சு விளையாண்டதுக்கு அடி வாங்கினேன்.

துண்டு மேல இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினார். வாட்சைப் பார்த்தார். "இப்ப போடு." ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சு. ஏழு நிமிசம் போயிருந்துச்சு. பின்னாடி வந்த வண்டியெல்லாம் தாண்டிப் போயிட்டாங்க. எனக்கு ஒரே வேகம், இறக்கத்துல விட்டுப் பிடிச்சிரலாம்னு ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன்.

"விடு," அப்படின்னார் அப்பா. "போனது போச்சு. அன்னைக்கி நானும் இப்படித்தான் விரட்டினேன். திருமங்கலத்துல ஒரு சைக்கிள்காரர் மேல ஏத்தியிருப்பேன், மயிரிழை. அது யாருக்கும் தெரியாது." அப்புறம், "நூத்தி அம்பது. எண்ணிக்கிட்டு இருக்கேன். பிடி."

அச்சன்கோவிலுக்கு அப்புறம் ரோடு ரோடு மாதிரி இல்லை. தேக்கு, மூங்கில், பள்ளம், பாதி காஞ்ச யானை லத்தி. ஒரு இடத்துல லத்தியில ஆவி பறந்துச்சு, ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டோம், ஒண்ணும் பேசலை. அந்தப் பகுதியில எங்க அபராதம், நின்னுபோன ஏழு நிமிசத்துக்கு உண்டான அதிகபட்சம் 300 போக, வெறும் பதினொண்ணு. புனலூர்ல 1877ல கட்டின தொங்குபாலத்தைப் பார்க்கணும்னு அப்பா ஆசைப்பட்டார். போட்டிக்கு நடுவுல எங்க பார்க்கிறது? ஜன்னல் வழியா காட்டினேன்.

செங்கோட்டையில ரிசல்ட் ஒட்டினப்போ 22 வண்டியில 16வது இடம். பழைய பிரிவுல நாலு. கான்டெஸாக்காரர் ரேடியேட்டர் போய்ப் பாதியிலயே நின்னுட்டார், அதனால இதுல ரொம்பப் பெருமைப்பட ஒண்ணுமில்லை. அந்த 300 மட்டும் இல்லேன்னா மொத்தத்துல மூணாவதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா அதைக் கேட்டுக்கலை. பார்டர் கடையில புரோட்டா வாங்கிக் குடுன்னார்.

திரும்பி வரும்போது இருட்டிருச்சு. ராஜபாளையம் வரைக்கும் தூங்கிக்கிட்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல முழிச்சு, "எய்யா, பின்சீட்டுக்கு ரெக்சின் மாத்தணும்யா, கிழிஞ்சு கிடக்கு" அப்படின்னார்.

அந்தத் துண்டு இன்னும் டிக்கியிலதான் கிடக்கு. ஆர்.சி.யைப் புதுப்பிச்சாச்சு. தங்கமணி ஒண்ணும் சொல்லலை, அதுவே ஆச்சரியம். இப்ப பிரச்சினை என்னன்னா பெட்ரோல் பம்புக்கு டயாப்ரம் கிடைக்க மாட்டேங்குது. மதுரைப் பக்கம் பழைய பியட் சாமான் வச்சிருக்கிறவங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.