வேதாளத்தின் கடைசிக் கேள்வி

மே 4, ஞாயிறு

நாலரை மணிக்குக் கொட்ட ஆரம்பித்த மழை நிற்கவில்லை. கரண்டும் போயிற்று. ஏரிக்கரைக்குப் போக முடியாத ஆத்திரத்தில் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பீரோ மேலிருந்த அம்புலிமாமா பைண்டிங்கை இறக்கினேன். அம்மா ஒவ்வொரு வருஷத்து இதழ்களையும் சேர்த்துத் தைக்கக் கொடுத்து வாங்கி வைத்தவை.

பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. இருவரும் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். அதனால் நான்தான் வாசிக்க வேண்டும். பெங்களூர் அல்சூரில் பாதித் தமிழ் வீடுகள் இப்படித்தான். அதற்கு ஒப்பாரி வைத்துப் பலரும் எழுதியாயிற்று. எனக்கு வாசித்துக் காட்டப் பிடிக்கும்.

படத்தைப் பார்த்ததும் பெரியவள், "இது சந்தமாமாதானே? எங்க கன்னட மிஸ் காட்டியிருக்காங்க" என்றாள். அதே படம்தான். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. கன்னடத்தில் 1949இல் வந்தது. படம் ஒன்று, எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறியது. தோளில் பிணம், கையில் உருவிய வாள், பின்னால் சுடுகாடு என்று விக்கிரமனை எல்லோர் மனசிலும் நடக்கவிட்டவர் ஓவியர் சங்கர். 1924இல் பிறந்த கே.சி. சிவசங்கரன், 2020 செப்டம்பரில்தான் போனார். கர்நாடகத்து ராஜாவும் தமிழ்நாட்டு ராஜாவும் ஒரே நடை நடந்தது அவர் கையால்.

விக்கிரமன் முதல் பதிலைச் சொல்லி, வேதாளம் பறந்துபோன இடத்தில் கரண்ட் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மே 6, செவ்வாய்

சின்னவனின் சந்தேகம்: முருங்கைக் கிளை நாம் காய் பறிக்க இழுத்தாலே முறிகிறது, வேதாளம் புகுந்த பிணத்தை எப்படித் தாங்கும்? வடமொழிக் கதையில் அது சிம்சுபா மரம். முருங்கையில் ஏற்றிவிட்டது நம் ஆட்கள்தான். சொன்னேன். "அப்ப நம்ம ஆளுங்க மரம் ஏறினதே இல்லையா?" என்றான்.

மே 9, வெள்ளி

பெரியவளுக்கு ராஜாமேல் கோபம். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். "இது ஏமாத்து ஆட்டம்மா. ரெண்டு பக்கமும் அவருக்குத் தோல்வி." சின்ன வயதில் இது எனக்கு உறைக்கவே இல்லை. ஒவ்வொரு மாதமும் ராஜா தோற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவர் ஜெயித்துவிட்டால் அடுத்த மாதம் கதை ஏது?

மாலையில் ஏரிப் பக்கம் நடந்தபோது திருவள்ளுவர் சிலையைக் காட்டி, 1991இல் திறக்க இருந்ததைத் தடுத்துவிட்டார்கள், பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள் என்று சொன்னேன். "விடை தெரிஞ்சவர், வாயே திறக்காம பதினெட்டு வருஷம்! தலை வெடிக்கலையா?" என்றான் சின்னவன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

மே 12, திங்கள்

"கடைசியில என்ன ஆகும்?" இருவரும் ஒரே குரலில்.

அம்புலிமாமாவை நம்பியிருந்தால் பதிலே கிடையாது. மூலத்தில் இருபத்தைந்து கதைதான், பத்திரிகையோ புதுப்புதுக் கதைகளை வேதாளத்தின் வாயில் போட்டு நூற்றுக்கணக்கில் ஓட்டியது. என் பிள்ளைப் பருவம் முழுக்க அந்தப் பிணம் சுடுகாடு போய்ச் சேரவில்லை. எனக்கு அது குறையாகப் பட்டதும் இல்லை. கல்லூரி நாளில் கதாசரித்சாகரத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோதுதான் முடிவு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சனிக்கிழமை சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். தொடர்கதை வாசித்து வளர்ந்தவளுக்கு இந்தப் புத்தி போகாது.

மே 17, சனி

இன்று சொன்னேன். கதாசரித்சாகரம், பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் சூரியவதி ராணிக்காக எழுதியது. இருபத்துநான்காவது கதையில் ஓர் அரசியும் அவள் மகளும் காட்டில் தப்பி ஓடுகிறார்கள். வேட்டைக்கு வந்த ஒரு தலைவனும் அவன் மகனும் மணலில் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்காரியை அப்பன் கட்டிக்கொள்வது, சின்ன தடத்துக்காரியை மகன் கட்டிக்கொள்வது என்று பேசி முடிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் மகளுக்குத்தான் பெரிய பாதம். வாக்கு வாக்குதான். அப்பன் மகளையும், மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

விக்கிரமனுக்கு நிஜமாகவே விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான்.

முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். பிள்ளைகளுக்கு அவர் ஆயா. ஆற்காட்டுப் பக்கத்து வழக்கப்படி சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். முறைக் கணக்கு அவருக்கு ரத்தத்தில் ஊறியது. நாலு பூண்டுப் பல்லை எடுத்து வைத்தார்.

"இது ஆத்தா, இது மவ. இது அப்பன், இது மவன். ஆத்தா வயித்துல பொறந்தது மவளுக்குத் தம்பி. அப்ப மவ பெத்ததுக்கு அவன் தாய்மாமன். இப்படி வா. அப்பனுக்குப் பொறந்தது அந்த மவனுக்குத் தம்பி. அப்ப மவன் பெத்ததுக்கு அவன் சித்தப்பன். இவன் அவனுக்கு மாமன், அவன் இவனுக்குச் சித்தப்பன். இதுக்குப் போயா ஒரு ராஜா வாயடைச்சு நின்னான்?"

பெரியவள் பற்களை இடம் மாற்றி மாற்றிச் சரிபார்த்தாள். சரியாகத்தான் வந்தது.

"மவ பெத்தது பொண்ணா இருந்தாத்தான் வம்பு" என்று ஆயா தொடர்ந்தார். "அவளுக்கு இவன் தாய்மாமன், கட்டிக்கிற முறை. ஆனா இவனுக்கு அவ அத்தை. அத்தைய எவனாவது கட்டுவானா?" இந்த இடத்தில் அவரே கொஞ்ச நேரம் பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியவதியின் அரண்மனையில் ஆயா மாதிரி ஒருத்தி இருந்திருந்தால் சோமதேவர் வேறு புதிர் தேட வேண்டியிருந்திருக்கும்.

மிச்சத்தை, இருபத்தைந்தாவதான முடிவைச் சொன்னேன். ராஜா மௌனம் கலைக்காததில் மகிழ்ந்துபோன வேதாளம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பிணம் கேட்ட சந்நியாசி உன்னைத்தான் பலி கொடுக்கப் போகிறான். எட்டு அங்கமும் தரையில் பட விழுந்து கும்பிடு என்பான். நான் ராஜா, எனக்குப் பழக்கமில்லை, நீ செய்து காட்டு என்று சொல். அவன் விழுந்ததும் வெட்டிவிடு. விக்கிரமன் அப்படியே செய்கிறான்.

சின்னவன் கைதட்டினான். தட்டி முடித்து, "சரி, இப்ப அந்த புக்குல அடுத்த கதைய வாசி" என்றான். முடிந்துபோன வேதாளத்தை மறுபடி மரத்தில் ஏற்ற அவனுக்கு ஒரு தடையும் இல்லை.

பெரியவள்தான் விடவில்லை. இருபத்துநாலு தடவை நடுராத்திரியில் அலையவிட்ட பேய், அது சொன்ன ஒரே ஒரு சொல்லை நம்பி ராஜா எப்படி ஒருவர் தலையை வெட்டினார்? சந்நியாசி நல்லவராக இருந்திருந்தால்? சந்நியாசி வருஷக்கணக்கில் தினம் கொடுத்த பழத்துக்குள் ரத்தினம் இருந்ததையும், ஒரு பழத்தைக் குரங்கு கடித்தபோதுதான் அது தெரிய வந்ததையும் சொல்லிப் பார்த்தேன். "ரத்தினம் குடுத்தா கெட்டவரா?" என்று கேட்டாள். நாளைக்குத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அழைத்துப் போகச் சொல்கிறாள். அங்கே விக்கிரமாதித்தன் கதை எத்தனை விதமாக இருக்கிறதோ அத்தனையிலும் இந்த இடத்தை நான் வாசித்துச் சொல்ல வேண்டுமாம்.