எள் களத்தில் கிடக்கிறது

ஏப்ரல் 16
தெற்குத் தெருவில் புளியமரத்தடியில் கட்டியிருந்த பசு செத்துப்போனது. இடி விழுந்தது மரத்தில்தான். மாட்டின் மேல் ஒரு கீறல் இல்லை. மரத்தில் இறங்கிய மின்சாரம் மண்ணில் பரவும்போது முன்கால் ஊன்றிய இடத்துக்கும் பின்கால் ஊன்றிய இடத்துக்கும் மின்னழுத்தம் வேறுபடும். அது போதும், உடம்பு வழியாகப் பாய்ந்துவிடும். நம் கால்களைவிட மாட்டுக்கு இடைவெளி அதிகம். இதை அப்பாவிடம் விளக்கினேன்.
"சினை மாடு" என்றார்.

ஏப்ரல் 17
வெயில். மேகமே இல்லை.

ஏப்ரல் 20
வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். காங்கிரீட் வீடு, கதவு சன்னலைச் சாத்தி உள்ளே இருந்தால் பயமில்லை. டி.வி., மோட்டார் பிளக்குகளை மேகம் கறுக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், இடி தொடங்கிய பிறகு தொடக் கூடாது. குழாயைத் தொடுவதும் குளிப்பதும் அப்போது ஆகாது. மொட்டைமாடியில் கிடந்த தகரங்களைக் கம்பியால் கட்டினோம். ஆட்டுக்கொட்டகைதான் இடிக்கிறது. தகரக் கூரை, நாலு கால், சுவர் கிடையாது. கொல்லைக் கடைசியில் பனைக்குப் பக்கத்தில். மழை இறங்கினால் அப்பா முதலில் ஓடுவது அங்கேதான்.

ஏப்ரல் 21
போனில் 'தாமினி' செயலி ஏற்றினேன். புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் வெட்டினால் காட்டும். அப்பத்தா எட்டிப் பார்த்தாள். "அர்ச்சுனன் பேரை இதுல எங்க சொல்லணும்?"

ஏப்ரல் 25
மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. களத்தில் எள் காய்கிறது. அம்மா படுதாவோடு ஓடினாள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணச் சொல்லி மகனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர், முப்பதுக்குள் சத்தம் வந்தால் எல்லாரும் உள்ளே. அவன் திண்ணையிலிருந்து பதினெட்டு என்றான். கூப்பிட்டேன். "இரு, இந்த ஓரம் மட்டும்" என்றாள். நனைந்த எள் கறுத்துப்போகும். வியாபாரி பார்த்ததும் விலையைக் குறைப்பான். மாதக்கணக்கான பாடு அந்த ஓரத்திலும் இருக்கிறது. காற்றில் படுதா எழும்பியது. அடுத்த மின்னலுக்கு மகன் ஒன்பது என்று கத்தியபோது படுதாவின் மறுமுனை என் கையில் இருந்தது.

ஏப்ரல் 26
கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே போகக் கூடாது என்று நேற்று அப்பாவை உட்காரவைத்தேன். பத்து நிமிடம் உட்கார்ந்தார். அவருக்கு அதுவே அதிகம்.
இன்று அம்மாவிடம் பேச்சு. இடி தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்றுதான் நம்பியிருக்கிறாள். உடம்பில் மின்சாரம் தங்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அமுக்க வேண்டும், இன்னொருவர் 108-க்கு அடிக்க வேண்டும். எங்கே அமுக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 29
கோடை இடி பெரும்பாலும் மதிய வெயில் ஏறிய பிறகுதான் கட்டும். அதனால் இரண்டு மணிக்கே எள்ளைக் குவித்து மூடினோம். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் களத்தில் சிரித்தார்கள். மழையும் வரவில்லை.

மே 3
நாளை கத்திரி. கொட்டகையைப் பிரித்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டால் ஆடுகளை அப்பா வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். கொத்தனார் சொன்ன தொகை இரண்டு கிடாய்களின் விலை. "ஆட்டு மூத்திர நாத்தத்துல யாரு படுக்கிறது?" என்கிறார் அப்பா. அம்மா தன் கட்டிலை அந்தச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறாள். அவர் இன்னும் சரி சொல்லவில்லை.