ரூத் கிராக்னெல்: மறதிக்குள் ஒரு மனுஷி

ஆஸ்திரேலிய நடிகை ரூத் கிராக்னெல்லைப் பற்றிப் பேச ஆசை. 1925-இல் நியூ சவுத் வேல்ஸின் மெயிட்லண்டில் பிறந்தவர். வானொலி நாடகத்தில் குரலைப் பழக்கி, மேடையில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் வரும் லேடி பிராக்னெல் வேடம் அவருக்கென்றே எழுதியதுபோல் அமைந்தது.

ஆனால் நாடே அவரைத் தன் வீட்டு ஆளாக நினைத்தது, ஏபிசி தொலைக்காட்சியில் 1984 முதல் 1994 வரை வந்த 'மதர் அண்ட் சன்' தொடரால்தான். ஜெஃப்ரி ஏதர்டன் எழுதியது. ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கும் விதவைத் தாய் மேகியாக ரூத். விவாகரத்துக்குப் பின் அவளைப் பார்த்துக்கொள்ளும் மகன் ஆர்தராக கேரி மெக்டொனால்ட். கூடவே இருந்து பாடுபடுபவன் ஆர்தர். அம்மா மெச்சுவதோ எப்போதாவது தலைகாட்டும் பல் மருத்துவர் மகன் ராபர்ட்டை!

மேகியின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். கண்கள் திகைத்து நிற்கும். அடுத்த நொடி ஓரத்தில் ஒரு கள்ளத்தனம் மின்னும். நிஜமாகவே மறந்துவிட்டாளா, மகனை வெளியே போகவிடாமல் நடிக்கிறாளா? ஆர்தருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நகைச்சுவைத் தொடர்தான். ஆனாலும் ரூத் மறதி நோயைக் கேலிப்பொருளாக்கவில்லை. மேகிக்குப் பிடிவாதம், தந்திரம், பயம், பாசம் எல்லாவற்றையும் கொடுத்தார். 2002-இல் அவர் மறைந்தார். நினைவு தப்பினாலும் மனுஷி மனுஷிதான் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியவர்கள் வெகு சிலரே. அவசியம் தேடிப் பாருங்கள்.