மண்கெண்டி

பொன்மலைப் பங்கு இல்லத்தில் என் மேசைமீதுள்ள மண்கெண்டியைக் கண்டு, "சாமி, இது எந்த ஊர்ச் சட்டி?" என்று வினவாதவர் சிலரே. புதுச்சேரியில் தியானம் முடித்துத் திரும்புகையில் வாங்கியது அது. விலையைச் சொன்னால் நம் தாய்மார்கள் என்னை ஊதாரி என்பர், ஆகவே சொல்லேன்.

அமெரிக்கரான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். அம்மையார் அதற்குமுன் ஜப்பானின் பிசன் என்னும் ஊரில் தொழில் பயின்றவர். மெருகு பூசாமல், விறகுத் தீயில் நாட்கணக்காய்ச் சுடும் ஊர் அது. அந்நாட்டிலேயே டோகோனாமே என்ற மற்றோர் ஊர் செம்மண் தேநீர்க் கெண்டிகளுக்குப் பெயர்பெற்றது. உடல், மூக்கு, பிடி, மூடி ஆகியவற்றைத் தனித்தனியே செய்து, மண் தோல்போல் இறுகிவரும் பதத்தில் ஒட்டுவர். தேயிலையைத் தடுக்கும் சல்லடையும் மண்ணே. பதம் தவறினால், காய்ந்து சுருங்குகையில் ஒட்டு விட்டுப்போகும்.

பதம் என்பது எனக்குப் புதிதன்று. நான் மானாமதுரைப் பக்கத்துக் குயவர் குடியில் பிறந்தவன். தந்தையார் திரிகையிலிருந்து அறுத்தெடுக்கும் பானைக்கு அடி இராது. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே அடி கூட்டுவார். அந்த ஓசையில்தான் நான் பாடம் படித்தேன். மானாமதுரைக் கடத்திற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஓய்வுபெற்ற ரயில்வே பணிமனைத் தொழிலாளர் ஒருவர் செய்தித்தாளுடன் வந்து என்னைப் பாராட்டினார். எனக்கு வெட்கமாயிருந்தது.

ஏனெனில் நான் ஒரே மகன். பள்ளியிறுதி முடித்துக் குருமடம் புகுந்தபோது தந்தையார் தடுக்கவில்லை. முதல் திருப்பலியன்று என் கைகளை முத்திசெய்தவர், அவற்றை விடாமல் சற்றுநேரம் பிடித்திருந்தார். "கை மெத்துன்னு ஆயிருச்சே, சாமி" என்றார். அவ்வளவே. மகனைச் சாமி என்றழைத்ததும் அன்றுதான் முதன்முறை. அடுத்த தை மாதம், திரிகையை விற்றுவிட்டதாகத் தாயாரின் கடிதம் வந்தது.

எரேமியா சென்ற குயவன் வீட்டைப்பற்றிப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் குயவனுக்கு மகன் இருந்தானா என்று ஒருமுறையேனும் எண்ணியதில்லை. யாரோ ஓர் அம்மையார் ஜப்பான்வரை சென்று கற்று, நம் கடற்கரையில் வந்து சூளை வைத்தார். வீட்டிலேயே கிடந்ததை நான் கற்கவில்லை. என் அழைத்தலைக் குறித்து எனக்கு வருத்தமில்லை. அந்தத் திரிகையைக் குறித்து உண்டு.

கெண்டி நன்றாகவே ஊற்றுகிறது. மூக்கில் ஒரு சொட்டும் வழிவதில்லை. தந்தையார் கண்டிருந்தால் தேநீரைப்பற்றிக் கேட்டிருக்கமாட்டார். விரலால் சுண்டிப்பார்த்து, கவிழ்த்து, முதலில் அடியைத்தான் பார்த்திருப்பார்.