நெளிந்த தையல்

சித்தி பனியன் கம்பெனியில் பல வருஷமாகச் செக்கிங். தை மாசம் ஒரு பண்டலையே தள்ளி வைத்துவிட்டார், பனியன் கையின் தையல் நெளிகிறதென்று. சூப்பர்வைசர் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், தையல் நேர். சித்தியின் பார்வைதான் நெளிந்திருந்தது.

சர்க்கரை வந்து பத்து வருஷம். விழித்திரையின் நடுவே, கூர்ந்து பார்க்க உதவும் இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிந்து நீர் கோத்திருக்கிறது. வலி கிடையாது. வலித்திருந்தால் முன்னமே போயிருப்பார்.

கசியவைப்பது விஇஜிஎஃப் என்ற புரதம். ரத்தம் சரியாகப் போகாத விழித்திரையே அதை மிகுதியாகச் சுரக்கிறது. 1983இல் கண்டறிந்தவர்கள் குழாயைக் கசியவைக்கும் காரணி என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கிறது, கேட்டதும் விளங்குகிறது.

"ஏனுங் டாக்டர், கண்ணுக்குள்ளயேவா ஊசி போடுவீங்க?" என்று கேட்டார் சித்தி.

ஆமாம். மரத்துப்போகச் சொட்டு, கிருமி சாக அயோடின், பிறகு கருவிழி ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி வெள்ளை விழியில் 0.05 மி.லி. மருந்து. சில விநாடி வேலை. பயந்த அளவுக்கு வலிக்கவில்லை என்றார்.

அந்தப் புரதத்தை அடக்கும் மருந்துகளில் மூன்று: பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட். முதலாவது 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அடுத்த வருஷமே மியாமியில் கண் மருத்துவர் ரோசன்ஃபெல்ட் அதைக் கண்ணில் போட்டுப் பார்த்தார். ஒரு குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிக்கலாம் என்பதால் விலை மிகக் குறைவு. பிரிக்கும் இடம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். 660 பேரிடம் மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015இல் வந்தது. பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. கண் பரிசோதனையில் 6/15 அல்லது அதற்கும் கீழே போனவர்களுக்கு முதல் வருஷம் அஃப்லிபெர்செப்ட் முந்தியது. ஆக, சீக்கிரம் போகிறவருக்கு மலிவான மருந்தே போதும்.

ஒரு ஊசியோடு தீராது. மருந்தின் வேகம் சில வாரத்தில் அடங்கிவிடும். ஆரம்பத்தில் மாசாமாசம் போட வேண்டும். சித்தி இரண்டாவதைத் தவறவிட்டார். ஷிப்மெண்ட் நேரம், லீவு போட்டால் வாரச் சம்பளத்தில் பிடிப்பு. கோபித்துக்கொண்டேன். பிறகு தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயின் விதியைப் படித்தேன்: நோய் விடுப்பில் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது; முந்தைய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் வந்தால்தான் விலக்கு. மாசத்துக்கு ஒருநாள் ஊசிக்குப் போகிறவருக்கு அதில் ஒரு பைசா வராது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

நாலாவது ஊசி புதன்கிழமை. கூட நான் போகிறேன். நேற்று காலண்டர் கட்டங்களைக் காட்டிக் கேட்டேன். ஓரமெல்லாம் நேராத்தான் இருக்குது கண்ணு, நடுவுல மட்டும் இன்னும் லேசா நெளியுது என்றார்.