இரண்டு கோட்டில் ஒரு ‘ட’

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில், கற்பித்தல் பயிற்சி நடக்கும் நாட்களில் ஒன்றாம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால், ஆசிரியர் வேலையை அறப்பணி என்று புகழ்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடுகிறது. அங்கே நடப்பது கைத்தொழில். பிளஸ் டூ முடித்துத் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கு இரண்டாண்டு படிப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், பாடக்குறிப்பேடும் சார்ட்டும் ஈர்க்குச்சிக் கட்டுமாக வருகிறார்கள். நமக்கென்று ஒரு வகுப்பு எப்போது கிடைக்கும் என்பதே அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது. இதைக் கனவு, லட்சியம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கருவி கைக்குப் பழகத் தொடங்கியவருக்கு வரும் பரபரப்பு இது. அந்தப் பழக்கத்தை வளர்ப்பதற்குப் பதிலாக, வேலைக்கு எடுக்கும் நம் முறை அதை மழுங்கடிக்கிறது என்பதுதான் என் குறை.

நெடுங்கணக்கில் ‘அ’ முதலெழுத்து. ஐந்து வயதுக் கைக்கு அப்படியல்ல. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, இறங்குகோடு எல்லாம் அதில் இருக்கின்றன. ‘ட’வுக்கு இரண்டே கோடு. இன்னொரு கோடு சேர்த்தால் ‘ப’. ஒரு வளைவு கூடினால் ‘ம’. மேலே புள்ளி வைத்தால் ‘படம்’ என்று ஒரு சொல்லே கிடைத்துவிடும். இந்த வரிசையைப் புத்தகம் சொல்லித்தரும். ஆனால் பிள்ளை ‘ட’வைத் திருப்பிப் போடும்போது அழிக்கச் சொல்வதா, கையைப் பிடித்து எழுதவைப்பதா, காற்றில் விரலால் ஒருமுறை போடச் சொல்வதா என்பதை அந்த நொடியில் முடிவு செய்யப் புத்தகம் உதவாது. வீட்டில் ‘ரெண்டு’ என்று சொல்லும் பிள்ளை பாடத்தில் ‘இரண்டு’ என்று பார்க்கிறது. ‘ரெண்டு’ தப்பு என்றால் அம்மா பேசுவதே தப்பென்று ஆகிவிடும். பழகிய டீச்சர் இரண்டையும் பலகையில் எழுதி, வீட்டில் இது, புத்தகத்தில் இது என்று சொல்லிக் கடந்துவிடுவார். 13ஐ 31 என்று எழுதும் பிள்ளைக்கு விளக்கம் சொல்வதைவிட, பத்து ஈர்க்குச்சியை ஒரு கட்டாகவும் மூன்றை உதிரியாகவும் கையில் கொடுப்பது மேல். பயிற்சிக்கு வருகிறவர்கள் இவற்றையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

டெல்டாவில் பள்ளியைப் பற்றி எழுதினால் நாற்றங்கால் உவமை தானாக வந்து நிற்கும். அது பிள்ளைகளுக்குப் பொருந்தும். தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவரின் வேலை. ஒரு மடையைத் திறந்துவிட்டு, அது நிரம்புவதற்குள் இன்னொன்றை அடைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகவும் பிரிக்கிறது. ஆக, ஒரே அறையில் எத்தனை மடை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ராணுவ ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை வகுத்து 1797இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பரவியது. ஓர் ஆசிரியர் பல நிலைப் பிள்ளைகளைச் சமாளிக்கும் வித்தைக்கு நம் ஊர்ப்பெயரே இருந்திருக்கிறது. அது ஒருவருக்குக் கைவருகிறதா என்று நம் தேர்வுகளில் ஒன்றுகூடப் பார்ப்பதில்லை.

2012 முதல் நடக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கொள்குறி வினாக்கள். அதில் தேறினாலும் போதாது. 2018இல் வந்த அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. இடைநிலை ஆசிரியர்களுக்கு அது 2024 ஜூலை 21இல்தான் நடந்தது. முதலில் அறிவித்தவை 1,768 இடங்கள். பிறகு 1,000 கூட்டினார்கள். 2018இல் பட்டயம் வாங்கிய ஒருவர் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் பழகியிருப்பார். சாக்பீஸ் பிடித்த கை என்ன ஆகும்?

தேர்வைத் தளர்த்தினால் சிபாரிசும் பணமும் நுழையும், வகுப்பில் நிறுத்தி மதிப்பெண் போட்டால் போடுகிறவர் வைத்ததே சட்டமாகிவிடும் என்பார்கள். கனமான வாதம்தான். அதனால் எழுத்துத் தேர்வை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்குப் பழகுநர் தேர்வும் உண்டு, எட்டுப் போட்டும் காட்ட வேண்டும். எட்டுப் போடும் இடத்தில் முறைகேடு வரலாம் என்பதற்காக, வண்டி ஓட்டிப் பார்க்காமலே உரிமம் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லையே. சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, பாசமும் பொறுமையும் இருந்தால் போதாதா என்பது இன்னொரு பேச்சு. பாசம் பிள்ளையின் அழுகையை நிறுத்தும். 13க்கும் 31க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. ‘பாசம் போதும்’ என்ற இந்தப் பேச்சுதான், தனியார் மழலையர் பள்ளிகளில் இந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் அற்பச் சம்பளத்துக்கும் சாக்காகிறது.

காலியிடமே இல்லாதபோது கைத்திறனைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். காத்திருக்கும் காலம் நீளம் என்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. பட்டயம் முடித்தவர்களைப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் மூன்றாவது ஆளாக, ஒழுங்கான ஊதியம் கொடுத்து நிறுத்தலாம். அங்கே நின்ற நாட்களுக்குப் போட்டித் தேர்வில் மதிப்பெண் தரலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவில் இருப்பவர்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் கூடும் முதல் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்புங்கள்.