மாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி

மாப்பிள்ளையின் நாற்பதாவது பிறந்த நாளுக்கு ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். மிக்ஸியோ, குக்கரோ என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். உள்ளே மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, ஒரு டின், ரப்பர் குழாய், கண்ணாடிக் குச்சி மாதிரி ஏதோ ஒன்று.

"என்ன மாப்பிள்ளை இது?"

"வீட்டுலயே பீர் பண்ற கிட், அத்தை" என்றார், அசடு வழிந்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இது நடந்தது 2023 நவம்பரில், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில். பெண் வீட்டுக்கு மூன்று மாதம் போயிருந்தேன். நம் ஊரில் வீட்டில் இந்த வேலை செய்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்ததாம். அதன் பிறகு சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை, விற்கத்தான் கூடாது. ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டவும் வழியில்லை!

ஒதுங்கி இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் குளிரில் என் இட்லி மாவு பட்ட பாடு இருக்கிறதே! இரண்டு நாள் வைத்தாலும் பொங்காமல் கல் மாதிரி கிடக்கும். கடைசியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிதான் கைகொடுத்தது. துணி உலர்த்தும் அந்த அலமாரியில் துண்டுகளுக்கு நடுவே மாவுப் பாத்திரத்தை வைத்தால், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை அதே அலமாரியைத் திறந்து, என் பாத்திரத்தை மெல்ல நகர்த்தினார். வாளிக்கு இடம் பார்க்கிறாராம்!

"அந்தப் புஸ்தகத்துல எவ்வளவு சூடு போட்டிருக்கு, படிங்க" என்றேன். 18 டிகிரியிலிருந்து 24 வரை என்று போட்டிருந்தது. "மாவுக்கு 30 டிகிரி வேணும். உங்க சமாசாரத்துக்கு இது ஆகாது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துல வெச்சு, பழைய கம்பளியைச் சுத்துங்க" என்று தீர்ப்புச் சொன்னேன். அலமாரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். ஆனாலும் அந்த நிமிஷமே நானும் அந்த வேலைக்குள் மாட்டிக்கொண்டுவிட்டேன்.

டின்னைத் திறந்தவுடன் ஹார்லிக்ஸ் வாசனை! ஆச்சரியமில்லை, இரண்டுக்கும் மூலம் முளைகட்டி உலர்த்திய தானியம்தான். பார்லியை முளைகட்டி, ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவையும் சேர்த்து, தேன்பாகு பதத்தில் டின்னில் அடைத்திருக்கிறார்கள். அந்தப் பாகையும் ஒரு கிலோ சர்க்கரையையும் வாளியில் கொட்டி, கொதிக்கும் நீரில் கரைத்து, பச்சைத் தண்ணீர் விட்டு 23 லிட்டருக்கு நிரப்ப வேண்டும். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. சுடச்சுட இருக்கும்போது ஈஸ்ட்டைப் போட்டால் செத்துவிடும். கொதிக்கிற பாலில் உறை மோர் விட்டால் என்ன ஆகும், அதே கதைதான்.

மாப்பிள்ளையோ சாம்பார் கிண்டிய மரக்கரண்டியை எடுத்து வாளிக்குள் விடப் போனார். "ஐயையோ!" என்று கத்தியே விட்டேன். வாளி, மூடி, கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்கும் தூள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லி அவருடைய புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கை படலாமா? படித்த பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவது!

மூடியில் சின்னக் குமிழ் ஒன்று சொருகியிருந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தால் உள்ளே உண்டாகும் வாயு 'பொளக் பொளக்' என்று வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு பொளக்கும் கேட்கவில்லை. மணிக்கொரு தரம் மூடியைத் திறக்கப் போன மாப்பிள்ளையை, "மாவைத் திறந்து திறந்து பார்த்தா பொங்குமா?" என்று நிறுத்தி வைத்தேன். திங்கட்கிழமை விடியற்காலை நான் பல் தேய்க்க இறங்கி வந்தபோது, இருட்டில் 'பொளக்' என்றது. ஆள் இருப்பது மாதிரி திடுக்கிட்டுப் போனேன்.

ஒன்பது வயதுப் பேரன் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை ஒன்று சொன்னான். இதே லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் பீர் ஆலை. அங்கே தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்து, சோடாத் தண்ணீர் செய்யும் முறையை 1772-ல் அச்சிட்டு வெளியிட்டார். நம் ஊர் கோலி சோடாவுக்குத் தாத்தா இந்த வாளிதான் என்று தெரிந்ததும், எனக்கு அதன் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது.

அன்று மாலையே அது போய்விட்டது.

வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் குளிருக்காகச் சாத்தியிருந்தன. நுரை ஏறி, வாளியின் வாசனை கூடமெங்கும் பரவியிருந்தது. காலையில் இருந்த ஹார்லிக்ஸ் வாசனை இல்லை. புளித்து, இனித்து, மூக்கின் உள்ளே போய் உட்காரும் வாசனை. என் அப்பாவின் சட்டை வாசனை அது.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். வேலை முடிந்து திரும்பும் வழியில் கள்ளுக்கடை திறந்தார்கள். முதலில் சனிக்கிழமை மட்டும் போனார். அப்புறம் கிழமை பார்க்கவில்லை. வாசல் படல் திறக்கிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு எந்த நிலைமை என்று அம்மா சொல்லிவிடுவாள். என்னையும் தம்பியையும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் போய்ப் படலைப் பிடித்துக்கொள்வாள். 1974-க்குள் கடைகளை மறுபடியும் மூடினார்கள். அதற்குள் அப்பாவுக்குப் பழகிவிட்டது. திருட்டுத்தனமாக விற்ற இடங்களைத் தேடிப் போனார். 1979-ல் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு ஊதி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து போய்விட்டார்.

என் பெண்ணிடம், "தாத்தா மஞ்சள் காமாலையில போயிட்டார்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை.

இரண்டு நாளாக நான் கூடத்துப் பக்கமே வராததை மாப்பிள்ளை கவனித்திருக்கிறார். இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "நாத்தம் தாங்கலையா அத்தை? தோட்டத்து ஷெட்ல வெச்சிடட்டுமா?" என்றார். அவர் கேட்ட விதமோ என்னவோ, சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் என் பெண் நிற்கிறாள்.

"ஏம்மா இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லை?"

என்ன பதில் சொல்வேன்? "கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னா சம்பந்தம் தட்டிப்போகும்னு பயம். அப்புறம் பழகிப்போச்சு" என்றேன். அவள் என் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக்கொண்டாள்.

"கொட்டிடறேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை. எனக்கு அதிலும் சம்மதமில்லை. என் முன்னால் கொட்டிவிட்டு, நான் விமானம் ஏறியதும் கடையில் வாங்கினால் யாருக்கு என்ன லாபம்? "கொட்ட வேண்டாம். கணக்குப் போடுங்க" என்றேன்.

கணக்கு அந்த ஊர் அரசாங்கமே கொடுத்திருக்கிறது. ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்று 2016 முதல் சொல்லி வருகிறார்கள். 4 சதவீதம் ஆல்கஹால் உள்ள பீர் அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் 2 யூனிட். அப்படிப் பார்த்தால் வாளியில் இருப்பது ஏறக்குறைய 92 யூனிட். வாளி முழுவதும் ஒருத்தருக்கு ஆறரை வாரத்துக்கு மேல் வரவேண்டும். அதுவும் வேறு எதுவும் தொடாமல் இருந்தால். உலக சுகாதார நிறுவனமோ, எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று 2023 ஜனவரியில் சொல்லியிருந்தது. அதையும் சொல்லி வைத்தேன். மாப்பிள்ளை பேசாமல் காலண்டரை எடுத்து வந்து, ஒவ்வொரு பாட்டிலும் இதில் ஏறும் என்றார். பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

ஏழாம் நாளே பாட்டிலில் அடைக்க அவசரப்பட்டார். அந்தக் கண்ணாடிக் குச்சி, பால் சொசைட்டியில் பாலில் விட்டுப் பார்க்கும் லாக்டோமீட்டரின் தம்பி. முதல் நாள் 1040 காட்டியது, இப்போது 1014. சர்க்கரை தீரத் தீர இறங்கும். இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால்தான் ஈஸ்ட் வேலையை முடித்தது என்று அர்த்தம். அதற்கு முன்பே அடைத்தால் பாட்டிலுக்குள் வாயு சேர்ந்து வெடித்துவிடும். சோடா பாட்டில் வெடித்துப் பக்கத்து வீட்டுப் பையனின் புருவம் கிழிந்ததை நான் கண்ணால் பார்த்தவள். "பொறுங்க" என்றேன். பதினோராம் நாள், 1010-ல் அசையாமல் நின்ற பிறகுதான் அடைத்தோம். பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை போட்டது நான்தான். தலை தட்டிப் போடாவிட்டால் எனக்குத் திருப்தி இல்லை. அடி வண்டலை விட்டுவிட்டு 44 பாட்டில் தேறியது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் முதல் பாட்டிலைத் திறந்தார். 'புஸ்' என்ற சத்தத்துக்குப் பேரன் கை தட்டினான். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலியானதும் மறுபடி நிரம்புகிறதா என்று. நிரம்பவில்லை. எழுந்துபோய்க் காலண்டரில் 1 என்று எழுதினார்.

ஜனவரி கடைசியில் ஊர் திரும்பினேன். பெண் போன் செய்தால், பேரனின் இருமலை விசாரிப்பதற்கு முன்னால், "எத்தனை இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன்.

"பதினேழும்மா" என்றாள் போன தடவை. "இருபது வெளியில கொடுத்தாச்சு. அதை விடும்மா, மாவு திரும்பவும் பொங்க மாட்டேங்குது. அலமாரியிலதான் வெச்சிருக்கேன்..."

"உளுந்து பழசா இருக்கும். புதுசு வாங்கிப் பாரு" என்றேன்.